கரவன்: வளைகுடாவின் ஒட்டகப் பட்டிகள் பற்றிச் சில குறிப்புகள்

அவுஸ்திரேலியாவில் ஓய்வு பெற்றவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வாகனத்தின் பின்னால் கரவன் ஒன்றைக் கொழுவிக்கொண்டு நாட்டின் உட்பகுதியிலுள்ள வரண்ட பிரதேசங்களுக்குப் போவார்கள். அயல் வீடே இல்லாத மாட்டுப் பண்ணை ஒன்றில் சில வாரங்கள் தங்கி, வேலி திருத்துவது, தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்பது, சமையலில் கைகொடுப்பது என்று உதவுவார்கள். பெரிதாகக் கூலி இராது. மெல்பேர்னில் வாழும் நண்பர் ஒருவர் தாமும் அப்படிப் போய்வந்ததை மிக மகிழ்ச்சியோடு விபரித்து எழுதிவிட்டு, "நீரும் பாலைவனத்தில் இருந்தவர்தானே, அங்கே இப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருந்தார். இக்கட்டுரை ஒருவகையில் அக்கேள்விக்கான பதில்.

இருக்கிறது. விலங்குதான் வேறு, மாட்டுக்குப் பதில் ஒட்டகம், சில இடங்களில் ஆடு. கரவனும் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் 'கரவன்' என்றால் சுற்றுலா வண்டி அல்ல. தகரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் செய்த, லொறியில் ஏற்றி இறக்கக்கூடிய ஓர் அறை. கட்டிட வேலைத்தளங்களில் அலுவலகமாகவும், பாலைவனத்தில் மேய்ப்பர்களின் வீடாகவும் பயன்படுவது. சொல்லின் பயணம் விசித்திரமானது. பாரசீகத்தில் 'கார்வான்' என்றால் ஒட்டகங்களில் சரக்கேற்றிச் செல்லும் வணிகர் கூட்டம். நம்மிடம் இதற்குச் 'சாத்து' என்ற சொல் இருந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரசீகச் சொல் ஐரோப்பாவுக்குப் போய் இழுத்துச் செல்லும் வீடாகி, மீண்டும் அரபு மண்ணுக்குத் திரும்பி, அசையாது நிற்கும் தகர அறையாகிவிட்டது. அதன் அருகே ஒட்டகங்களும் வேலிக்குள் அசையாது நிற்கின்றன. இந்த இரண்டு அசைவின்மைகளும் எப்படி ஏற்பட்டன என்பதை விளங்கிக்கொண்டால் மேய்ப்பனின் நிலையும் விளங்கிவிடும்.

நான் 1987இலிருந்து நான்கு வருடங்கள் அபுதாபியில், இத்தகைய கரவன்களையும் ஜெனரேற்றர்களையும் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். 1989 மார்ச்சில் லிவாவுக்குத் தெற்கேயுள்ள ஓர் ஒட்டகப் பட்டிக்குக் கரவன் ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அபுதாபியிலிருந்து மேற்கே தாரிப் வரை கடலோரமாகவும், பின்பு தெற்கே திரும்பி மதீனத் சாயித் ஊடாகவும் போகும் பாதை. லிவா என்பது ஒரு ஊரல்ல. பிறை வடிவில் நீளும் ஈச்சந்தோட்டக் கிராமங்களின் தொடர். அதற்கப்பால் 'ரூப் அல் காலி' எனப்படும் பெரும் மணற்பாலை. தார்வீதி முடிந்த இடத்தில் ரயர்களின் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினோம். ரயர் பரந்து மணலில் அமிழாது போகும். அப்படியிருந்தும் கடைசிப் பதினைந்து கிலோமீற்றரைக் கடக்க அரைநாள் போயிற்று.

அங்கே இருவர் இருந்தார்கள். ஒருவர் சூடானியர், கடும் காய்ச்சலில் கிடந்தார். மற்றவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஊரில் பனை ஏறியவர். நோயாளியை எங்கள் லொறியிலேயே வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, மாற்றாள் வரும்வரை நான் நின்று உதவவேண்டும் என்று பட்டிக்காரர் எங்கள் நிறுவனத்திடம் பேசி ஒழுங்கு செய்தார். பதினொரு நாட்கள் நின்றேன். நான் தமிழ் பேசியதைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, "அண்ணே, நீங்க சிலோனா? அங்க சண்டையாமே, இப்ப எப்படி இருக்கு?" என்பதுதான். இந்திய இராணுவம் எங்கள் ஊர்களில் நின்ற காலம் அது. அந்த மணலில் அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது.

பட்டியை உரிமையாளர்கள் 'இஸ்பா' என்பார்கள். நம்மவர் வாயில் எல்லாமே 'மஸ்ரா'தான். கம்பிவலை அடித்த நாலைந்து தொழுவங்கள், இரும்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, தீவன மூட்டைகள், விருந்தினர் இருந்து கோப்பி குடிக்க ஒரு கூடாரம், எமது கரவன். காலை நாலு மணிக்கு வேலை தொடங்கும். தீவனம் வைத்தல், தொட்டி கழுவுதல், சாணம் வாருதல், பால் கறத்தல். ஒட்டகத்தில் பால் கறப்பது பசுவில் கறப்பது போலல்ல. கன்று முதலில் வாய் வைத்தால்தான் தாய் பாலை இறக்கும்; இறக்கிய பால் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குத்தான் வரும். ஒற்றைக்காலில் நின்று, மடித்த மறுதொடையில் பாத்திரத்தை வைத்து இரு கைகளாலும் கறக்கவேண்டும். கன்று வேண்டாத நேரத்தில் குடித்துவிடாதபடி மடிக்கு வலைப்பை கட்டுவார்கள். கர்ப்ப காலம் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள். ஆகவே ஒவ்வொரு கன்றும் பெரும் முதலீடு. ஒரு கன்று செத்தால் மேய்ப்பனின் சம்பளத்தில் கைவைப்பது அங்கு அபூர்வமானதல்ல.

ஒட்டகம் தண்ணீரில்லாமல் வாழும் விலங்கு என்பது நாம் பாடசாலையில் படித்தது. இது பாதி உண்மை. நோர்வேயில் பிறந்த உடலியல் அறிஞர் குனுட் ஷ்மிட்-நீல்சன் 1950களில் அல்ஜீரியப் பாலைவனத்தில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமிப்பதில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீர் கிடைக்காதபோது அது தன் உடல் வெப்பத்தைப் பகலில் ஏறவிட்டு இரவில் இறக்குகிறது. விடியலில் 34 பாகையாக இருப்பது பிற்பகலில் 41 வரை போகும். அதனால் வியர்வை மிச்சமாகிறது. உடல் எடையில் கால்பங்கை நீராக இழந்தாலும் சாகாது. பிறகு தண்ணீரைக் கண்டதும் பத்து நிமிடத்தில் நூறு லீற்றர் குடித்துவிடும். மனிதன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே உயிருக்கு ஆபத்து.

ஆனால் இந்தத் திறமை பச்சை மேய்ச்சலோடு சேர்ந்தது. மாரியில் மழை பெய்து புதர்கள் துளிர்க்கும்போது, அந்தத் தழையிலுள்ள ஈரமே ஒட்டகத்துக்குப் போதும். வாரக்கணக்கில் அது தண்ணீர் தேடாது. பழைய பெதூயின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. எங்கே மழை விழுந்தது என்ற செய்தியைத் தேடி ஒட்டகமும் மனிதரும் சேர்ந்து நடந்தார்கள். 1946க்கும் 1948க்கும் இடையில் ரூப் அல் காலியை இரு தடவைகள் கடந்த வில்பிரட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர் எழுதியது இந்த வாழ்க்கையைத்தான். அவரோடு போன ரஷீத் கோத்திரத்து இளைஞர்கள் ஏழைகள், ஆனால் தாம் ஏறிய ஒட்டகங்களுக்குத் தாமே சொந்தக்காரர்.

1962இல் அபுதாபியிலிருந்து எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1971இல் அமீரகம் உருவாயிற்று. பெதூயின் மக்கள் வீடுகளும் அரசாங்க வேலைகளும் பெற்று நகரங்களுக்குப் போனார்கள். ஒட்டகம் போக்குவரத்துக்கும் பாலுக்கும் தேவையற்றுப் போனது, ஆனால் மறையவில்லை. பந்தயமும் பரம்பரைப் பெருமையும் அதைக் காப்பாற்றின. எண்ணிக்கை பெருகியது, மேய்ச்சல் நிலமோ பெருகவில்லை. ஆகவே வேலி வந்தது, லொறியில் வரும் காய்ந்த புல்லும் பார்லியும் வந்தன. காய்ந்த தீவனம் தின்னும் ஒட்டகத்துக்குக் கோடையில் அடிக்கடி தண்ணீர் வேண்டும். தண்ணீரைப் பவுசர் கொண்டுவரும். ஒட்டகம் நடப்பதை நிறுத்தியபோது, அதற்காக எல்லாவற்றையும் அதன் காலடிக்குக் கொண்டுவந்து வைக்க ஓராள் தேவைப்பட்டது. உரிமையாளர் வாரவிடுமுறையில் நண்பர்களோடு வருவார். மற்ற நாட்களில் அந்த ஆள் தனியே.

அந்த ஆள் யார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் பலூச்சியரும் சூடானியரும். பிறகு வங்காளதேசத்தவர், இந்தியர். மேய்ச்சல் தொழில் எதையும் அறியாத ஒருவரைத் தேடிப்பிடித்து அனுப்புவதற்கு முகவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது: அறிந்தவன் போகமாட்டான். நான் சொன்ன இராமநாதபுரத்துக்காரருக்குச் சொல்லப்பட்டது தோட்டவேலை. மாதம் 400 திர்ஹம். கடவுச்சீட்டு பட்டிக்காரரிடம். பவுசர் வரும் நாளைக் கொண்டுதான் அவர் கிழமையை அறிந்தார். "பவுசர்காரன் மட்டும் ஒரு வாரம் வரலைன்னா ஒட்டகம் பொழச்சுக்கும்ணே, நாம பொழைக்கமாட்டோம்" என்று அவர் சொன்னபோது, அவர் ஷ்மிட்-நீல்சனின் ஆய்வைச் சுருக்கித் தந்துவிட்டார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பின், ஐரோப்பாவில் ஒரு நூலகத்தில்தான் தெரிந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். கபாலா முறை பற்றி நம் பத்திரிகைகளில் போதியளவு எழுதப்பட்டிருக்கிறது. 'கபீல்' என்றால் பிணைநிற்பவர். அந்நியன் நாட்டில் இருப்பதற்கான அனுமதி அவருடைய பிணையில் தொங்குகிறது. ஆனால் மேய்ப்பனின் நிலைமை கட்டிடத் தொழிலாளியின் நிலைமையல்ல என்பதை நாம் போதியளவு கவனிக்கவில்லை. அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளர்களையும், விவசாயத்திலும் மேய்ச்சலிலும் வேலை செய்வோரையும் தனது எல்லைக்கு வெளியே வைத்தது. கட்டாரின் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் வேலை மாறுவதை ஓரளவு இலகுவாக்கியபோதும் வீட்டுப் பணியாளரும் மேய்ப்பரும் அதில் சேர்க்கப்படவில்லை. அதாவது எட்டு மணிநேர வேலை, மேலதிக நேரக் கொடுப்பனவு, தொழில் நீதிமன்றம் என்பன எல்லாம் தார்வீதி முடியும் இடத்தில் முடிந்துவிட்டன.

அமீரகத்தில் 2017இல் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச்சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் சமையற்காரர், சாரதி, தோட்டக்காரர், வல்லூறு பழக்குபவர் ஆகியோருடன் மேய்ப்பரும் இருக்கிறார். வாரத்தில் ஒருநாள் சம்பளத்துடன் ஓய்வு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர ஓய்வு, அதில் எட்டு மணிநேரம் தொடர்ச்சியாக, வருடத்தில் முப்பது நாள் விடுமுறை, கடவுச்சீட்டைத் தானே வைத்திருக்கும் உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. 2022இல் புதிய சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. இதைச் சிறிய விடயமென்று நான் சொல்லமாட்டேன். 1989இல் இதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் மேய்ப்பரை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று கேட்கவேண்டும். நகரத்திலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மணல்மேட்டைச் சட்டம் எசமானின் வீடாகக் கருதுகிறது. வீடு என்றால் அந்தரங்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பரிசோதகர் வீட்டுக்குள் நுழைய உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அல்லது வழக்குத்தொடுநரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்க முறைப்பாடோ நியாயமான ஆதாரமோ இருக்கவேண்டும். முறைப்பாடு செய்யவேண்டியவன் கரவனில் இருக்கிறான். பன்னிரண்டு மணிநேர ஓய்வை எண்ண அங்கு இன்னொரு மணிக்கூடு இல்லை. வாரத்தில் ஒருநாள் ஓய்வென்றால் அவன் எங்கே போவது? ஒட்டகத்துக்கு ஞாயிறும் வெள்ளியும் கிடையாதே. வீட்டுப் பணியாளரின் சம்பளத்தை வங்கியூடாகக் கொடுக்கவேண்டும் என்ற விதி 2023 ஏப்பிரலில் ஐந்து தொழில்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டபோது அந்த ஐந்தில் மேய்ப்பர் இல்லை. தனிப்பட்ட விவசாயப் பொறியியலாளரும் உடற்பயிற்சி ஆசிரியரும் இருந்தார்கள்.

குரூரத்தின் உச்சங்கள் அவ்வப்போது வெளியே தெரியவருகின்றன. 2022 செப்டெம்பரில் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், வேறு வேலையென்று குவைத்துக்கு அழைக்கப்பட்டு ஒட்டகம் மேய்க்க விடப்பட்டு, போய்ச் சில நாட்களுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மலையாளத்தில் பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலும், 2024இல் வந்த அதன் திரைப்படமும் சவூதிப் பட்டியொன்றில் சிறைப்பட்டவனின் கதையைப் பரவலாக்கின. இவை அவசியமானவை. ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கொடூரமான எசமான் என்ற உருவம் நம் கண்ணை நிறைத்துவிட்டால், கொடூரமற்ற எசமானின் கீழ் ஐந்து வருடம் ஊர் போகாமல் இருப்பவனை நாம் காணத் தவறிவிடுவோம். நான் பார்த்த பட்டிக்காரர் ஒருநாளும் கைநீட்டியவரல்லர். வரும்போது பழங்களும் மீனும் கொண்டுவருவார், எங்களோடு இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார். கடவுச்சீட்டைக் கேட்டால் மட்டும் சிரிப்பார்.

பாரம்பரியம் என்ற பேச்சும் இதோடு சேர்ந்தது. ஒட்டகப் பந்தயத்தை 2020இலும், ஒட்டக மந்தையைக் குரலால் அழைக்கும் 'அல் ஹிதா' எனும் வாய்மொழி மரபை 2022இலும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பின்னையதற்காகச் சவூதி, ஓமான், அமீரகம் மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்தன. மெத்தச் சரி, அது அழகான மரபுதான். ஆனால் இன்று விடியற்காலையில் அந்த ஒட்டகங்களை உண்மையில் அழைப்பது வங்காளியும் சூடானியும் தமிழனும். இராமநாதபுரத்துக்காரர் அரபுக் கூவலோடு நம்மூரில் மாட்டை அதட்டும் 'ஹை, ஹை'யையும் சேர்த்து ஒன்றைச் செய்துவைத்திருந்தார். கன்றுகள் அதற்கு ஓடிவந்தன. 2008இலிருந்து மதீனத் சாயித்தில் நடக்கும் அழப்ரா விழாவில் ஒட்டகங்களின் உதடும் கழுத்தும் திமிலும் அளந்து பரிசு கொடுக்கிறார்கள். சவூதியில் 2018இல் உதட்டுக்கு ஊசி போட்டுப் பெருப்பித்ததாகப் பன்னிரண்டு ஒட்டகங்களைப் போட்டியிலிருந்து விலக்கியதும் நடந்தது. ஒட்டகத்தின் உடலுக்கு மருத்துவர் குழு ஒன்று இருக்கிறது. 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட மேர்ஸ் என்ற சுவாசநோய் ஒட்டகத்திலிருந்தே மனிதருக்குத் தொற்றுகிறது என்றும், பதிவான நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள் என்றும் தெரிந்த பின்னும், மூக்கோடு மூக்கு வைத்து வேலை செய்யும் மேய்ப்பன் வைத்தியரைக் காண பிக்கப் வரும்வரை காத்திருக்கவேண்டியவன்தான்.

மாற்றமே நடக்காது என்று நான் வாதிடவில்லை. ஒட்டகப் பந்தயங்களில் சவாரி செய்யச் சிறுவர்களைக் கடத்தும் கொடுமை பல வருடங்கள் நடந்தது. 2005இல் அமீரகம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஏற்றுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. யுனிசெப்பின் உதவியோடு பாகிஸ்தான், வங்காளதேசம், சூடான், மொரித்தானியா ஆகிய நாடுகளின் சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். முதுகில் இப்போது சிறு இயந்திரங்கள் சவாட்டை வீசுகின்றன. உலகம் பார்க்கும் மைதானத்தில் நடந்ததால் அது நின்றது என்பதே என் அபிப்பிராயம். பட்டியை உலகம் பார்ப்பதில்லை.

மெல்பேர்ன் நண்பருக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் மகிழ்ச்சியோடு வேலி திருத்திய அந்த மாட்டுப் பண்ணைகளுக்கும் இதே கதை உண்டு. வட பிரதேசத்தின் பண்ணைகளை நீண்டகாலம் நடத்தியது பூர்வகுடி மேய்ப்பர்களின் உழைப்பு. மாவும் தேயிலையும் சீனியும் புகையிலையும், கொஞ்சக் காசும்தான் கூலி. 1966 மார்ச்சில் நடுவர் மன்றம் சமசம்பளத்தை ஏற்றுக்கொண்டது; ஆனால் 1968 டிசெம்பர் வரை தள்ளிப்போட்டது. அந்த ஓகஸ்ட் 23ஆம் திகதி வேவ்ஹில் பண்ணையில் குரிஞ்சி மக்கள் ஏறக்குறைய இருநூறு பேர் வின்சென்ற் லிங்கியாரியின் தலைமையில் வேலையை விட்டு நடந்தார்கள். ஒன்பது வருடத்துக்குப் பின், 1975இல், பிரதமர் விற்லம் ஒருபிடி மண்ணை லிங்கியாரியின் கையில் வார்த்து நிலத்தின் ஒரு பகுதியைக் கையளித்தார். அவர்கள் நடந்துபோனது தம் சொந்த மண்ணில். லிவாவின் மேய்ப்பன் நடந்தால் 'தப்பியோடியவன்' என்று முறைப்பாடு பதியப்படும்; அத்துடன் அவனது விசாவும் போய்விடும். எங்கள் நண்பரின் உதவிக்கும் அவனுடைய வேலைக்கும் இடையில் வெயிலிலோ தனிமையிலோ பெரிய வேறுபாடு இல்லை. நண்பரிடம் வாகனத்தின் சாவி இருந்தது.

இப்படி எழுதும்போது எழும் ஒரு மறுப்பை நான் அறிவேன்: ஐரோப்பாவில் இருந்துகொண்டு அரபுகளைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரிப்பது மேற்கின் பழைய பழக்கம், அதை நாமும் பழகிக்கொண்டோம் என்பது. மறுப்பில் நியாயமுண்டு. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் பார்க்கக்கூடாது என்ற எண்ணம் அரபுகளின் தனிச்சொத்தல்ல. மலையகத்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு வைத்தவர்கள் நாம். "எங்கட பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்" என்ற வசனம் நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் கேட்டது. பட்டிக்காரரும் அரபியில் அதையேதான் சொன்னார்.

அகதிகளாகிய நமக்கு இதில் வேறொரு சம்பந்தமும் உண்டு. வளைகுடாக் கூட்டுறவு நாடுகள் ஆறில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. 1983 யூலைக்குப் பின் அங்கே போய்ச் சேர்ந்த நம்மவர்கள் எவரும் அங்கே அகதிகளாக இருக்கவில்லை. கபீல் உள்ள தொழிலாளர், அல்லது கபீல் இல்லாத குற்றவாளி. மூன்றாவது வகை கிடையாது. ஊர் திரும்ப முடியாதவன் எந்த வேலையையும் விடமுடியாது என்பதை முகவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

கடைசியாக நடைமுறை சார்ந்த ஒரு விடயம். விசாத் தாளில் தொழிலின் பெயர் அரபியில் இருக்கும். மேய்ப்பருக்கு 'ராஈ' என்று எழுதியிருப்பார்கள். (மேய்க்கப்படும் மந்தைக்கும் குடிமக்களுக்கும் அரபியில் ஒரே சொல், 'ரஇய்யா', மொகலாயர் வழியாக வந்து நம் 'ரயத்து' ஆனதும் ரயத்துவாரி வரியானதும் அதுவே.) சாரதியென்றும் தோட்டக்காரரென்றும் வாய்மொழியாக நம்பவைக்கப்பட்டவர்களில் பலர் அந்தச் சொல்லை விமானநிலையத்தில்கூட வாசிக்க முடியாதவர்கள். இராமநாதபுரத்திலும் திருவாரூரிலும், மன்னாரிலும் மூதூரிலும், அரபெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவரே போதும். பயணத்துக்கு முதல்நாள் இரவல்ல, முகவருக்குப் பணம் கொடுக்குமுன் அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். இப்போது தாளின் படம் கைபேசியிலேயே வந்துவிடுவதால் ஊரிலிருந்து அதை நமக்கும் அனுப்பலாம். எனக்கு வந்தவற்றில் இதுவரை நாலில் 'ராஈ' என்றிருந்தது. அவர்களில் மூன்று பேர் போகவில்லை.